காதுச் சொல்லும் வாய்ச் சொல்லும்

ஊசிப்பாறைத் தோட்டத்து ஜீவராணிக்கு இங்கிலீஷில் சரியாக நாற்பது நிமிடம் பேசத் தெரியும். நாற்பத்தோராவது நிமிடத்துக்கு அவளிடம் ஒரு சொல்லும் கிடையாது.

அந்த நாற்பது நிமிடம் அவளிடம் வந்து சேர்ந்த விதம் தோட்டம் முழுக்கத் தெரிந்த கதைதான். பொகவந்தலாவை பஜாரிலிருந்து மேலே ஏறும் பாதையில், வளைவுக்கு வளைவு பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருவானே, அந்தப் பாதை முடிகிற இடத்தில் ஸ்டோர் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை மலையகத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வேனில் வந்து இறங்கி, கொழுந்து எப்படித் தூளாகிறது என்று பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்கிற வேலை சுதர்ஷினி என்ற பெண்ணுடையது. ஹட்டனில் படித்தவள். அவளுக்குப் பின்னால் விளக்குமாற்றோடு போகிற வேலை ஜீவராணியுடையது. மழைக்காலத்தில் அந்தச் சப்பாத்துகள் அள்ளிக்கொண்டு வருகிற சேறு கொஞ்சநஞ்சமில்லை. ஆக, விளக்கம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் விளக்குமாறும் போனது. நாளைக்கு மூன்று தடவை, மூன்று வருஷம்.

சாப்பாட்டு நேரத்தில் ஜீவராணி சுதர்ஷினி மாதிரியே பேசிக் காட்டுவாள். நடுவில் வருகிற சின்ன இருமல், முடியை ஒதுக்குகிற கை, 'லேடீஸ் என்ட் ஜென்டில்மென்' என்று ஆரம்பிக்கும்போது லேசாக எம்புகிற குதிகால், எதுவும் தவறாது. பெண்கள் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை சுதர்ஷினி நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சனிக்கிழமை பதினோரு பேர் வேனில் வருகிறார்கள். டீ மேக்கர் வீரபத்திரனுக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்டோருக்கே பொறுப்பான மனிதர். கொழும்புக்கு அவர் எழுதுகிற இங்கிலீஷ் கடிதங்களைப் பெரிய துரையே பாராட்டியிருக்கிறார். ஆனால் ஒரு வெள்ளைக்காரர் நேரில் வந்து நின்று 'குட் மோர்னிங்' என்று சொன்னால் போதும், அவருடைய கழுத்துப்பட்டி நனைந்துவிடும். எழுத்தில் இருந்ததெல்லாம் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும்.

"ஜீவராணி, சாப்பாட்டு நேரத்துல ஒரு கூத்து ஆடுவியாமே. அதக் கொஞ்சம் ஆடிக்காட்டு."

"ஐயா, அது சும்மா வெளையாட்டுக்குங்க..."

"பரவால்ல, ஆடு."

ஆடினாள். நாற்பது நிமிடமும் ஆடினாள். வீரபத்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். சுதர்ஷினி விட்டுப்போன பச்சைச் சேலையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

முதல் வாரம் ஒரு சங்கடம் இருந்தது. 'மை நேம் இஸ் சுதர்ஷினி' என்பதும் அந்த மனப்பாடப் பாட்டில் ஒரு வரி. அதை மாற்றினால் அடுத்த வரி வர மறுத்தது. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டாள். வருகைப் புத்தகத்தில் 'சுதர்ஷினி அருமையாகப் பேசினார்' என்று ஏழெட்டுப் பேர் எழுதின பிறகுதான் வீரபத்திரன் கண்டுபிடித்தார். ஜீவராணி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தன் பெயரைத் தானே மனப்பாடம் செய்து திருத்திக்கொண்டாள்.

பாட்டுக்கு வெளியே யாராவது கேள்வி கேட்டால்? அதற்கும் சுதர்ஷினி ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருந்தாள். 'வெரி குட் கொஸ்டியன்' என்று சிரித்துவிட்டு அடுத்த அறைக்கு நடந்துவிட வேண்டும். கேட்டவரும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்துவிடுவார்.

இப்படி எட்டு மாதம் குறையில்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் வீட்டிலேயே வில்லங்கம் முளைத்தது. மகள் தர்ஷனாவுக்கு இருபது வயது. ஹட்டனில் இங்கிலீஷ் டிப்ளோமா படிக்கிறாள். மொழி படிக்கிற ஒரு வளர்ந்த ஆளைப் பிடித்து, அவருடைய சொற்களை வகை பிரித்து, அறிக்கை எழுதிக் கொண்டுவரும்படி விரிவுரையாளர் சொல்லிவிட்டார். தர்ஷனா வெளியே எங்கேயும் தேடவில்லை.

சாயங்காலம் ஜீவராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் கொப்பியை விரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் சொல்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லணும். 'சீலிங்'."

"சீல் வைக்கிறது. பெட்டிய மூடி ஒட்டுவாங்கல்ல, அது."

"அது இல்லம்மா. தலைக்கு மேல இருக்குறது."

"தலைக்கு மேல தகரந்தான இருக்கு?"

தர்ஷனா எதையோ எழுதினாள். "சரி, 'டஸ்ட்'?"

"நல்ல தூளு. கடுஞ்சாயம் எறங்கும்."

"தூசிம்மா. குப்பத் தூசி."

"டீ மேக்கர் ஐயா முன்னுக்குப் போயி குப்பன்னு சொல்லிப் பாரு, தெரியும்."

"'ஃபயரிங்'?"

"ட்ரையர்ல போட்டுக் காய வைக்கிறது. இருவது நிமிசம்."

"துப்பாக்கியால சுடுறதுக்கும் அதுதாம்மா. வேலய விட்டு நிப்பாட்டுறதுக்கும் அதுதான்."

"மூணுக்கும் ஒரே வார்த்தையா? நல்ல ஆளுங்கதான்."

'நெஃப்யூ', 'பில்லோ', 'டியூஸ்டே' என்று வரிசையாகப் போனது. முதல் இரண்டும் அவளுக்குத் தெரியாது. டியூஸ்டே கேள்விப்பட்டதுதான். ஏதோ ஒரு கிழமை என்று தெரியும். செவ்வாயா வியாழனா என்பதுதான் தகராறு. ஆனால் 'ஒக்சிடேஷன்' என்றதும் ஜீவராணி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, பச்சை இலை செம்பு நிறமாவது வரை மூச்சு விடாமல் இங்கிலீஷில் சொல்லி முடித்தாள். அதே லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் தர்ஷனா அறிக்கையை வாசித்துக் காட்டினாள். அதுதான் அவள் செய்த பிழை.

"பாரும்மா, வாயில தானா வர்ற சொல்லு ஒரு வகை. கேட்டா புரியும், ஆனா பேச வராதுங்கிறது இன்னொரு வகை. நான் அதுக்கு வாய்ச் சொல்லு, காதுச் சொல்லுன்னு பேரு வச்சிருக்கேன். அப்புறம் தொழிற் சொல்லு, பொதுச் சொல்லுன்னு ரெண்டு. ஒனக்கு வாய்ச் சொல்லு இருநூத்திப் பன்னெண்டு. அதுல நூத்தித் தொண்ணூறு தேயிலச் சொல்லு."

"அதுக்கு?"

தர்ஷனா தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி வரியை வாசித்தாள். "இவருடைய சொல்வளம் தொழிற்சாலைக்கு வெளியே பயன்படாது. அன்றாட உரையாடலுக்குப் போதாது."

ஜீவராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு வாயி பத்தாதுங்கிற?"

"இங்கிலீஷ்லதாம்மா..."

"இந்த லயத்துல எனக்கு வாயி பத்தாதுன்னு சொன்ன மொத ஆளு நீதான்டி."

பிறகு இரண்டு நாள் அவள் மகளோடு பேசவில்லை. இடையில் அகப்பட்டவர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டுக் களைத்து வருகிற புருஷன் செல்லசாமி.

"ஏங்க, ஒங்க மகள்கிட்ட சொல்லுங்க, சோறு அடுப்புல இருக்குன்னு. காதால கேட்டுக்கிட்டா போதும், வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அவ இங்கதான நிக்கிறா?"

"நீங்க சொல்லுங்க."

"தர்ஷனா, சோறு அடுப்புல இருக்காம்."

"கேட்டுச்சுப்பா."

சனிக்கிழமை காலையிலும் அதே கோபத்தோடுதான் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். வீரபத்திரன் ஹட்டனில் கூட்டம் என்று விடியவே போய்விட்டிருந்தார். பத்து மணிக்கு ஒரு வேன் வந்தது. ஆறு பேர். அவர்களோடு வந்த கொழும்பு வழிகாட்டியும் டிரைவரும், "அக்கா, நாங்க பஜாருக்குப் போயி ரொட்டி சாப்ட்டுட்டு வந்துர்றோம்" என்று வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அது வழக்கம்தான். நாற்பது நிமிடம் அவள் பொறுப்பு.

ஆறு பேரில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா பெயர் மார்கரெட். அவர் எட்வின். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த முகம், எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதர். மூன்று மாடிப் படியேறிக் கொழுந்து வாட்டுகிற தளத்துக்கு வந்தார்கள். நீளமான கட்டில் போல வலை அடித்த தொட்டிகள், அவற்றின் மேல் பச்சைக் கொழுந்து, அடியில் காற்றாடி. ஜீவராணி குதிகாலை எம்பினாள்.

"லேடீஸ் என்ட் ஜென்டில்மென், திஸ் இஸ் த விதரிங் லோஃப்ட். ஹியர் த லீஃப் இஸ் லூஸிங் மொய்ஸ்ச்சர்..."

எட்வின் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று பிடிபடவில்லை. ஆனால் மார்கரெட்டுக்கும் பிடிபடவில்லை என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது. அவர் மறுபடி கேட்டார். வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. சிவந்த முகம் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்திருந்தது. வெளியே பனி மூட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, இவருக்கு நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தளத்தில் வேலை செய்கிற பழனியாண்டி முதலில் ஓடி வந்தார். அவருக்குத் தமிழைத் தவிரத் தெரிந்த ஒரே பாஷை சிங்களம். ஆகவே தமிழர் அல்லாத எல்லோரோடும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், சிங்களத்தில்தான் பேசுவார்.

"மஹத்தயா! வாடி வென்ன! பய வென்ன எப்பா!" என்று பெருங்குரலில், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவரை உட்காரச் சொல்லி, பயப்படவும் வேண்டாம் என்றார். மார்கரெட் உண்மையாகவே பயந்துபோனது அப்போதுதான்.

ஜீவராணி எட்வின் பக்கத்தில் குந்தினாள். இந்த வியர்வையை அவள் பார்த்திருக்கிறாள். நோட்டன் பிரிட்ஜில் இருக்கிற அவளுடைய அண்ணனுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விட்ட இரண்டு தடவையும் அவர் இப்படித்தான் குளிரில் வியர்த்து, உளறி, சரிந்தார். தமிழில் சொல்ல அவளிடம் வண்டி வண்டியாக வார்த்தை இருந்தது. இங்கிலீஷில் மயக்கத்துக்கு என்ன சொல்வது? நாற்பது நிமிடத்தைத் தலை முதல் கால் வரை தேடினாள். அதில் யாருமே மயங்கவில்லை. கொழுந்து மட்டும்தான் வாடியது.

"மேடம்," என்றாள். "சேர் இஸ் விதரிங்."

மார்கரெட் விழித்தாள். ஜீவராணி எட்வினுடைய நெற்றியைத் தொட்டு ஈரத்தைக் காட்டினாள். "லூஸிங் மொய்ஸ்ச்சர். டூ மச். டூ ஃபாஸ்ட்."

"யெஸ்!" என்றாள் மார்கரெட். "யெஸ், ஹீ இஸ்!"

புரிந்துவிட்டது! ஜீவராணிக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு பரவியது. பக்கத்துத் தொட்டியில் பாதி காலியாக இருந்தது. பழனியாண்டியையும், கூட வந்திருந்த இரண்டு இளைஞர்களையும் கூப்பிட்டு, எட்வினைத் தூக்கி அதில் கிடத்தச் செய்தாள். தலை மட்டும் கொழுந்தின் மேல் கிடந்தது.

"எயர் கம்ஸ் ஃப்ரொம் பிலோ," என்று மார்கரெட்டுக்கு விளக்கிவிட்டு, "அண்ணே, ஃபேனப் போடுங்க" என்றாள்.

பழனியாண்டி பதற்றத்தில் கடைசி வரைக்கும் திருகிவிட்டார். அரைத் தொட்டிக் கொழுந்து எழும்பிப் பறந்து எல்லோர் மேலும் பெய்தது. எட்வினுடைய தொப்பி கூரைக்குப் போனது. "மெதுவாண்ணே! ஸ்லோலி எயர்! ஸ்லோலி!" கூட்டத்தில் ஒரு பெண், இதுவும் சுற்றிக் காட்டுவதில் ஒரு பகுதி என்று நினைத்தாளோ என்னவோ, படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மார்கரெட் மட்டும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். 'ஹவ் லோங்' என்று அந்த இடத்தில் நின்று யார் கேட்டாலும் ஜீவராணியின் வாய் தானாகத் திறக்கும். திறந்தது.

"ட்வெல்வ் டு ஃபோர்ட்டீன் அவர்ஸ்."

மார்கரெட் வீறிட்டாள்.

"நோ, நோ! ட்வெல்வ் அவர்ஸ் லீஃப்! சேர், டென் மினிட்ஸ்! சேர் ஸ்மோல் விதரிங்!"

எட்வினுடைய வாயோரம் எச்சில் வழிந்தது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று அண்ணனுக்குக் கிளினிக்கில் சொன்னது நினைவு வந்தது. இதற்கு வார்த்தை தேடவே வேண்டியிருக்கவில்லை.

"நவ் ரோலிங்," என்றாள் இளைஞர்களிடம். "ஜென்ட்லி ரோலிங். நோ ப்ரேக்கிங் த லீஃப்."

அவர்கள் மெல்ல, இலை உடையாமல், அவரை இடது பக்கமாகப் புரட்டினார்கள்.

இனிமேல்தான் முக்கியமான கேள்வி. இவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா இல்லையா? இதை எப்படிக் கேட்பது? கோப்பையை நீட்டும்போது கேட்கிற ஒரு கேள்விதான் அவளிடம் இருந்தது. அதையே கேட்டாள்.

"மேடம், வித் சுகர் ஓர் வித்தவுட் சுகர்?"

மார்கரெட்டின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நோ டீ!" என்று கத்தினாள். "டொக்டர்! ப்ளீஸ்! நோ டீ!"

"நோட் டீ, மேடம். சேர்!" ஜீவராணி அவருடைய கையைத் தூக்கி நரம்பைத் தட்டிக் காட்டினாள். "திஸ் சேர். இன்சைட். வித் சுகர் ஓர் வித்தவுட் சுகர்?"

 மார்கரெட் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். கடகடவென்று கொட்டினாள். ஜீவராணிக்கு எல்லாம் எட்டவில்லை. ஆனால் 'டயபெட்டிக்' என்பது காதில் விழுந்தது. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கிற சொல். 'டெப்லெட்' விழுந்தது. கடைசியில் 'ப்ரெக்ஃபஸ்ட்' விழுந்தது. அது விற்பனை அறையில் இருக்கிற நீலத் தேயிலைப் பெட்டியின் பெயர், இங்கிலிஷ் ப்ரெக்ஃபஸ்ட்.

"மேடம், டுடே சேர், நோ இங்கிலிஷ் ப்ரெக்ஃபஸ்ட்?"

"நோ!" என்று அழுதாள் மார்கரெட். "நோ இங்கிலிஷ் ப்ரெக்ஃபஸ்ட்! நோ ப்ரெக்ஃபஸ்ட் அட் ஓல்!"

"அண்ணே, கீழ ஓடிப்போயி சீனி டின்ன எடுத்துக்கிட்டு வாங்க! வெதுவெதுன்னு தண்ணியும்! ஓடுங்க!"

அறுபது வயதை நெருங்குகிற பழனியாண்டி மூன்று மாடி இறங்கி ஏறிய வேகத்தை அவருடைய பெஞ்சாதி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். கோப்பைக்கு ஆறு கரண்டி சீனி. எட்வின் கண்ணை அரைகுறையாகத் திறந்து வைத்திருந்தார். கூப்பிட்டால் முனகினார். இளைஞர்கள் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். விழுங்குவாரா, புரையேறுமா? ஜீவராணி கோப்பையை அவருடைய உதட்டருகே வைத்து, சத்தமாக உறிஞ்சித் தேநீரைச் சுவை பார்க்கிற மேசையில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"சேர், ஸ்மோல் சிப். மேக் எ நொய்ஸ்."

எட்வின் 'சுர்ர்' என்று உறிஞ்சினார். விழுங்கினார். இன்னொரு 'சுர்ர்'. அந்தத் தளத்தில் அதுவரை கேட்ட சத்தங்களில் அதுதான் அழகானது என்று ஜீவராணிக்குத் தோன்றியது.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. இரண்டாவது கோப்பையும் முடிந்தது. காதோரத்திலிருந்து மெல்லச் சிவப்பு ஏறி வந்தது.

"மேடம், லுக். கலர் கம்மிங்," என்றாள் ஜீவராணி, இலை செம்பு நிறமாகிற இடத்தில் சொல்கிற சொல்லை எடுத்து. "ப்ரைட். கொப்பரி. வெரி குட் கலர்."

மார்கரெட் அழுதுகொண்டே சிரித்தாள். எட்வின் எழுந்து உட்கார்ந்து, காதுக்குள்ளிருந்து ஒரு கொழுந்தை எடுத்துப் பார்த்தார். பிறகு ஜீவராணியைப் பார்த்து ஏதோ கேட்டார். அதில் 'டஸ்ட்' என்று ஒரு சொல் இருந்தது. தான் செத்து மண்ணாகிவிட்டேனா என்று வேடிக்கையாகக் கேட்டார் என்பது பிறகு மார்கரெட் சொல்லித்தான் மற்றவர்களுக்கே புரிந்ததாம். ஜீவராணிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

"நோ, சேர். டஸ்ட் இஸ் ஸ்மோல். யூ ஆர் லார்ஜ் லீஃப்."

ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் கூரையில் சிக்கியிருந்த தொப்பி கீழே விழுந்தது. பழனியாண்டியும் சேர்ந்து சிரித்தார், சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு.

ரொட்டி சாப்பிடப் போன வேன் திரும்பி வந்ததும் அவரைப் பொகவந்தலாவை ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது மார்கரெட் ஜீவராணியை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். தன்னுடைய கைபேசியை நீட்டி நம்பர் கேட்டாள். ஜீவராணியிடம் ஸ்மார்ட் போன் கிடையாது. இரண்டு நாளாகப் பேசாத மகளுடைய நம்பர்தான் மனதில் இருந்தது. அதைக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஹட்டனிலிருந்து திரும்பின வீரபத்திரனுக்கு முதலில் கேட்ட செய்தி, தொட்டிக் கொழுந்தின் மேல் ஒரு வெள்ளைக்காரரைப் போட்டு வாட்டினார்கள் என்பதுதான். தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தொட்டிக் கொழுந்தைக் கொட்டச் சொன்னார். முழு விவரத்தையும் கேட்டார். பிறகு தாளை எடுத்துக் கொழும்புக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார். அது அவருடைய ராஜ்ஜியம். ஒரு சொல் அடிக்காமல் ஒரு பக்கம் எழுதி, தமிழில் அர்த்தத்தோடு வாசித்தும் காட்டினார்.

"ஐயா, இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள் ஜீவராணி.

"இந்தா இருக்கியே. 'ஊழியர்கள் உடனடி நடவடிக்கை எடுத்தனர்'னு போட்டிருக்கேன்ல."

"அதுல நான் மட்டுமா, பழனியாண்டி அண்ணனுமா?"

"எல்லாரும் இருக்கீங்க."

"எம் பேரப் போடுங்க, ஐயா. அண்ணன் பேரையும் போடுங்க. நான் வித் சுகரான்னு கேட்டேன், அவரு மூணு மாடி ஓடுனாரு. அதையும் எழுதுங்க."

வீரபத்திரன் பேனாவை வாயில் வைத்து யோசித்தார். 'வித் சுகர்' என்பதைக் கொழும்புக்கு எழுதலாமா என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில் எழுதினார், மேற்கோள் குறி போட்டு.

ஜீவராணி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கதை போய்ச் சேர்ந்திருந்தது. தர்ஷனா வாசலிலேயே நின்றாள். கையில் கொப்பி. கண் கலங்கியிருந்த மாதிரியும் இருந்தது, சிரிப்பை அடக்குகிற மாதிரியும் இருந்தது.

"அம்மா, என்னென்ன சொன்னேன்னு ஒண்ணு விடாம சொல்லும்மா."

"எனக்கு வேல இருக்கு. அன்றாட வேல."

"அம்மா..."

"மொதல்ல தண்ணிய சுட வை. குளிக்கணும். தலையெல்லாம் கொழுந்து."

தர்ஷனா தண்ணீர் வைத்தாள். அம்மாவின் தலையிலிருந்து கொழுந்தைப் பொறுக்கிக்கொண்டே கதை கேட்டாள். 'ஸ்மோல் விதரிங்' வந்த இடத்தில் சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். செல்லசாமி இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்வதைப் பார்த்து, இனித் தன் வேலை முடிந்தது என்று நிம்மதியாகக் கட்டிலில் சாய்ந்தார். தர்ஷனா பழைய கடைசி வரியைக் கிழித்தெறிந்து, தேவை என்று வந்தால் காதுச் சொல் வாய்ச் சொல்லாகிவிடும் என்றும், தொழிற் சொல்லை வைத்தே ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்றும், நடந்ததைச் சாட்சியாக வைத்துப் புதிதாக நான்கு பக்கம் எழுதினாள்.

அறிக்கை அடுத்த வாரம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்: 'நல்ல நடை. ஆனால் உதாரணம் நம்பும்படியாக இல்லை. கற்பனையைத் தவிர்க்கவும்.'

தர்ஷனா இரண்டு நாள் வீட்டுக்குள் குதித்தாள். "கற்பனையாம்! ஐ ஆம் ஆங்க்ரி! வந்து பாக்கச் சொல்லு, தொட்டிய வந்து பாக்கச் சொல்லு! ஐ ஆம் சோ ஆங்க்ரி!"  அந்த விரிவுரையாளருக்கு என்ன தெரியும், அவர் ஹட்டனில் இருக்கிறார் என்று ஜீவராணி நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தர்ஷனாவின் போன் சத்தமிட்டது. தெரியாத நம்பர். ஒரு குரல் பதிவு. மார்கரெட்.

"நான் கேட்டு அர்த்தம் சொல்றேம்மா."

"நீ சும்மா இரு. மொதல்ல நான் கேக்குறேன்."

போனைக் காதில் வைத்துக் கேட்டாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எட்வின் நன்றாக இருக்கிறார். காலையில் அவர் சாப்பிடாவிட்டால் இப்போதெல்லாம் மார்கரெட், 'விதரிங், விதரிங்' என்று மிரட்டுகிறாளாம். நடுவில் ஐந்தாறு வார்த்தை புரியவில்லை. புரியாதது பெரிய நஷ்டமாகவும் தெரியவில்லை.

"இத எங்க அமுக்குனா நான் பேசலாம்?"

தர்ஷனா காட்டினாள். ஜீவராணி எழுந்து நின்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"மேடம், ஐ ஆம் ஜீவராணி. சேர் குட், ஐ ஆம் ஹெப்பி. மோர்னிங் சேர் ஈட்டிங், மஸ்ட். ஹியர் ரெயின். எவ்ரி டே ரெயின். மை டோட்டர் ஆங்க்ரி வித் டீச்சர். ஐ ஆம் நோட் ஆங்க்ரி. யூ கம் அகெய்ன், மேடம். நோட் ஃபெக்டரி. மை ஹவுஸ் கம்."

விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது. தர்ஷனாவின் கொப்பி மடியில் திறந்தபடி கிடந்தது. அவள் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

"அம்மா, 'ஆங்க்ரி' எங்க படிச்ச? அது ஒன் லிஸ்ட்டுலயே இல்லையே."

"ரெண்டு நாளா வீடு அதிர நீதான கத்துன. காது கேக்காதா எனக்கு?"

அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த செல்லசாமி, "என்னாடி பேசுன அந்தம்மாகிட்ட? எனக்கும் சொல்லு" என்றார்.

ஜீவராணி சொல்ல ஆரம்பித்தாள். இங்கிலீஷில் அரை நிமிடத்தில் முடிந்த பேச்சு அது. தமிழில் அவள் சொல்லி முடிக்கும்போது செல்லசாமியின் தேத்தண்ணி இரண்டு தடவை ஆறிப்போய் மூன்றாம் தடவை சூடாகிக்கொண்டிருந்தது.